மூன்று நாள் மாட்ரிட்: பயணத் திட்டத்தைப் பனுவலாக வாசித்தல்

அரபுமொழியில் பயணத்தைக் குறிக்கும் சொற்கள் பல உள. அவற்றுள் இரண்டினை இங்கு எடுத்துக்கொள்வோம். ஒன்று ‘ரிஹ்லா’. ஒட்டகத்தின் மீது சேணம் பூட்டுதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த இச்சொல், நோக்கத்தோடு புறப்படுதலையும் அப்பயணம் பற்றி எழுதப்படும் நூலையும் ஒருசேரக் குறிக்கலாயிற்று. ஒரே ஒரு நபிமொழியைக் கேட்டறிவதற்காக நெடுந்தொலைவு சென்ற அறிஞர்களின் பயணத்துக்கும் இதுவே பெயர். மற்றொன்று ‘ஸியாஹா’. நிலத்தின் மேல் நீர் பரவி ஓடுதலைக் குறிக்கும் வேரிலிருந்து தோன்றி, பற்றற்றோர் ஊர் ஊராய்த் திரிதலைக் குறித்து நின்ற சொல் இது. இன்றைய அரபுமொழியில் சுற்றுலா என்பதற்கு இச்சொல்லே வழங்குகின்றது. சேணம் பூட்டியவனுக்குப் போகுமிடம் தெரியும்; பரவி ஓடும் நீருக்கோ பள்ளம் மட்டுமே வழிகாட்டி. இவ்விரு சொற்களுக்கும் இடையிலுள்ள தொலைவே இக்கட்டுரையின் பொருள்.

ஐரோப்பியத் தலைநகரொன்றை மூன்று நாளில் பார்த்துத் திரும்புவதற்கான திட்டம் இன்று ஒரு தனி உரைநடை வகையாகவே வளர்ந்துவிட்டது. வழிகாட்டி நூல்களிலும் பயண நிறுவனங்களின் சிறு ஏடுகளிலும் அது ஏறத்தாழ ஒரே வடிவில் காணப்படுகின்றது. முதல் நாள் காலை, முதல் நாள் மாலை எனப் பகுக்கப்பட்ட அப்பட்டியலை இலக்கியமாகக் கருதி மதிப்பிடுவோர் இலர். ஆயினும், எதைக் காட்டுவது, எதை விடுவது என்று அது தேர்ந்தெடுக்கின்றது. தேர்ந்தெடுத்தலே வரலாற்றெழுத்தின் முதற்பணி. பல நூற்றாண்டுகளை மூன்று நாளில் அடக்கும் ஒருவர், தாம் அறிந்தோ அறியாமலோ ஒரு வரலாற்றை எழுதிவிடுகின்றார். வரலாற்று நூலை மதிப்பிடும் அளவுகோலால் அதனையும் மதிப்பிடுவது முறையே ஆகும். நம்மவருள்ளும் அத்தகைய பட்டியலைக் கையிற்கொண்டு புறப்படுவோர் பெருகிவரும் இக்காலத்தில் இம்மதிப்பீடு தேவையும் ஆகின்றது.

எடுத்துக்காட்டாக மாட்ரிட் நகரைக் கொள்வோம். குர்துபாவின் அமீர் முதலாம் முஹம்மத் (ஆட்சி 852–886) ஒன்பதாம் நூற்றாண்டில் எழுப்பிய எல்லைக்கோட்டையே இந்நகரின் தொடக்கம். ‘மஜ்ரீத்’ என்பது அரபு நூல்களில் அதன் பெயர். காஸ்டீல் மன்னன் ஆறாம் அல்ஃபோன்ஸோ 1085ஆம் ஆண்டையொட்டி அதனைக் கைப்பற்றினான். இரண்டாம் ஃபிலிப் 1561இல் தன் அரசவையை இங்கு நிலைபெறச் செய்தான். அன்றுமுதல், 1601 தொடங்கி ஐந்தாண்டுக் காலம் நீங்கலாக, அரசவை இந்நகரிலேயே இருந்துவந்தது.

இந்நகருக்கென வழங்கும் திட்டம் பெரும்பாலும் இவ்வாறு அமைகின்றது. முதல் நாள் புவெர்த்தா தெல் சோல் சதுக்கம், பிளாசா மயோர், அரண்மனை, அதன் எதிரேயுள்ள அல்முதேனா பேராலயம். இரண்டாம் நாள் பிராடோ கலைக்கூடம், ரெத்திரோ பூங்கா, பிக்காஸோவின் ‘கெர்னிக்கா’ இருக்கும் ரெய்னா சோபியா கலைக்கூடம். மூன்றாம் நாள் டொலேடோ அல்லது எஸ்கொரியால். இதன் நிறைகளை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய நகரம் சிறியது. நடந்தே பார்க்கத் தக்கது. பிராடோவில் ஒவ்வொரு நாளும் இறுதி இரண்டு மணி நேரம் கட்டணமின்றி நுழையலாம், ரெய்னா சோபியாவுக்குச் செவ்வாயும் எஸ்கொரியாலுக்குத் திங்களும் விடுமுறை என்பன போன்ற செய்திகளால் அது பயணியின் பொழுதையும் பொருளையும் காக்கின்றது. மூன்று நாளில் முழு நகரையும் அறிந்துவிட இயலாது என்று சொல்லி அதனைத் தள்ளுவது எளிது, நேர்மையன்று. சுருக்கம் குற்றமன்று. நம் பாடசாலைகளில் பெருநூல்களின் சுருக்கங்களை, ‘முக்தஸர்’களை, மதித்துப் பயின்று வருகின்றோம். நல்ல முக்தஸர் மூலநூலின் வாதத்தைக் காத்து விரிவை மட்டும் குறைக்கும். தீய முக்தஸர் விரிவோடு சேர்த்து வாதத்தையும் அறுத்துவிடும்.

மாட்ரிட் திட்டம் எவ்வகையைச் சார்ந்தது? பிளாசா மயோரில் நின்று பார்ப்போம். நான்கு புறமும் ஒரே சீரான மாடங்கள் சூழ்ந்த அச்சதுக்கம் 1619இல் நிறைவுற்றது. நடுவே குதிரைமீது அமர்ந்திருக்கும் வெண்கல மன்னன் மூன்றாம் ஃபிலிப். அங்கு அமர்ந்து காப்பி அருந்துமாறும், சிலையைப் படமெடுக்குமாறும் திட்டம் கூறுகின்றது. 1609இல் மொரிஸ்கோக்களை, அதாவது கட்டாயத்தால் கிறித்தவராக்கப்பட்ட முஸ்லிம்களின் வழித்தோன்றல்களை, நாட்டைவிட்டு வெளியேற்ற ஆணையிட்டவன் இம்மன்னனே என்பதைக் கூறுவதில்லை. 1614 வரை ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் தாம் பிறந்த மண்ணைவிட்டு அகற்றப்பட்டனர். சதுக்கம் கட்டி முடிந்ததோ அதற்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பின். இதே சதுக்கத்தில் 1680இல் சமய விசாரணை மன்றத்தின் தண்டனைச் சடங்கு இரண்டாம் கார்லோஸ் மன்னன் முன்னிலையில் நடைபெற்றது. ஃபிரான்சிஸ்கோ ரிஸி 1683இல் அதனை ஓவியமாகத் தீட்டினார். அவ்வோவியம் பிராடோவுக்கு உரியது. முதல் நாள் சதுக்கத்தையும் இரண்டாம் நாள் பிராடோவையும் காட்டும் திட்டம், இரண்டையும் இணைக்கும் ஒரு வரியை எழுதுவதில்லை. இடங்கள் இருக்கின்றன, இடங்களுக்கிடையிலான உறவு இல்லை. இதனையே வாதத்தை அறுத்த சுருக்கம் என்கிறோம்.

அல்முதேனா பேராலயம் இன்னொரு சான்று. 1993இல் அர்ப்பணிக்கப்பட்ட இப்புதிய ஆலயத்தின் பெயர் மிகப் பழையது. சிறு கோட்டைநகர் எனப் பொருள்படும் ‘அல்முதைனா’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு. மாட்ரிட் நகரின் காவலன்னையாகக் கத்தோலிக்க மக்கள் போற்றும் திருவுருவத்தின் பெயரும் அதுவே. ஆலயத்தின் அருகே கெஸ்தா தெ லா வேகா என்னும் சரிவில் இறங்கினால், அமீர் முஹம்மத் காலத்து மதிலின் எஞ்சிய பகுதி நிற்கின்றது. அதனை ஒட்டிய சிறு பூங்காவுக்கு அந்த அமீரின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. ஆக, நகரம் தன் தொடக்கத்தை மறைக்கவில்லை. மதிலைப் பேணிப் பெயரும் எழுதி வைத்துள்ளது. பேராலயத்தின் வாயிலோடு பயணியைத் திருப்பிவிடுவது திட்டமே.

இந்நிலையில், இதற்கு மறுப்பாக எழுந்துள்ள மற்றொரு திட்டத்தையும் மதிப்பிடாமல் விடுவது நடுநிலை ஆகாது. ‘அந்தலுஸ் மரபுப் பயணம்’ என்னும் பெயரில் முஸ்லிம் பயணிகளுக்கென அமைக்கப்படும் பட்டியல் அது. மதில், கோபுரம், பள்ளிவாசலாயிருந்த கட்டடம் என்று அது தேடித்தேடிக் காட்டுகின்றது. முன்னதன் மறதியைத் திருத்துவதாகக் கூறிக்கொண்டாலும், அதுவும் தேர்ந்தெடுத்து அறுக்கும் சுருக்கமே என்பது நம் கருத்து. உரிமையாளன் வெளியூர் சென்ற வீட்டைப் போல் அது அந்நாட்டை நோக்குகின்றது. ஒவ்வொரு கல்லின் முன்னும் ‘இது நம்முடையது’ என்று சொல்லச் செய்து, இழப்புக்குக் கண்ணீர் வடிக்கச் செய்து, வேறெதனையும் கற்காமல் திரும்பச் செய்கின்றது. இழப்புக்கு இரங்குதல் மனித இயல்பு. அந்தலுஸின் நகர்களுக்கு இரங்கற்பா பாடிய புலவர்கள் நம் இலக்கியத்தில் உயர்ந்தோரே. ஆனால் அவர்கள் தம் ஊரை இழந்தவர்கள். வானூர்தியில் வந்திறங்கி மூன்று நாளில் திரும்பும் நாம் அவர்களின் கண்ணீரைக் கடனாக வாங்குவது தகுமா?

இந்தத் திட்டம் நகரின் பெயரிலேயே இடறுகின்றது. நீரோடும் வழியைக் குறிக்கும் ‘மஜ்ரா’ என்னும் அரபுச் சொல்லோடு, மிகுதியைக் குறிக்கும் உள்ளூர் ரோமானிய மொழி விகுதி சேர்ந்து ‘மஜ்ரீத்’ ஆயிற்று என்பது அறிஞர் ஒரு சாராரின் முடிவு. தாய், ஊற்றுக்கண் என்னும் பொருள்களைத் தாங்கிய இலத்தீன் சொல்லே மூலம் என்பது மற்றொரு சாராரின் முடிவு. 1858இல் இசபெல் கால்வாய் வரும்வரை இவ்வூர் நிலத்தடி நீர்வழிகளையே பெரிதும் சார்ந்திருந்தது என்பதால் இரு பொருளும் ஊருக்குப் பொருந்துகின்றன. முதல் முடிவை ஏற்றாலும் பெயரின் பாதியே அரபு. இரு மொழி பேசியோர் ஒரே கிணற்றடியில் நின்றதனால் பிறந்த பெயரை ஒருவருக்கு மட்டும் பட்டா எழுதித் தர இயலாது.

ஊரின் புகழ்மிக்க மகனாகிய மஸ்லமா அல்மஜ்ரீதியின் கதையும் அத்தகையதே. இங்கு பிறந்து குர்துபாவில் பணியாற்றி, ஹிஜ்ரி 398இல் (கி.பி. 1007) மறைந்த இவ்வானியலாளர், அல்குவாரிஸ்மியின் வானியல் அட்டவணையைக் குர்துபாவின் தீர்க்கரேகைக்கும் ஹிஜ்ரி ஆண்டுக்கும் ஏற்பத் திருத்தியமைத்தார். அல்குவாரிஸ்மியின் அரபு மூலம் இன்று இல்லை. மஸ்லமாவின் திருத்தம் நமக்குக் கிடைத்திருப்பது, பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாத் நகரத்து அடிலார்ட் என்னும் ஆங்கிலேயர் செய்த இலத்தீன் மொழிபெயர்ப்பின் வழியாகவே. அரபில் எழுதியதை அரபு இழந்தது, இலத்தீன் காத்தது. இதற்கு மாறாக, மந்திர தந்திரம் பேசும் ‘காயத்துல் ஹகீம்’ என்னும் நூல் அரபில் நன்கு நிலைத்து, தவறாக இவர் பெயரில் வழங்கிவந்தது. இழந்தோம் என்று மட்டும் சொல்லும் வாய், யார் காத்தனர் என்றும் சொல்லக் கடமைப்பட்டுள்ளது.

கோயாவின் ஓவியம் ஒன்று இத்திட்டத்துக்கு மேலும் இடர் தரும். 1808 மே 2ஆம் நாள் புவெர்த்தா தெல் சோலில் மாட்ரிட் மக்கள் நெப்போலியனின் படையை எதிர்த்தெழுந்த காட்சியை அவர் 1814இல் தீட்டினார், பிராடோவில் காணலாம். அதில் குதிரைமீதிருக்கும் தலைப்பாகை வீரர்கள், எகிப்துப் படையெடுப்பின்போது நெப்போலியனிடம் சேர்ந்த மம்லூக் மரபினர். அங்கே தலைப்பாகை அணிந்தவன் ஆக்கிரமிப்பாளனின் கூலிவீரன். கத்தியோடு பாய்பவன் தன் தெருவைக் காக்கும் ஏழை. இதன் மறுபக்கமும் அந்நகரிலேயே உள்ளது. நாடாளுமன்றத்தின் வாயிலிலுள்ள இரு வெண்கலச் சிங்கங்கள், 1860இல் முடிந்த மொராக்கோப் போரில் கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி வார்க்கப்பட்டவை. ஒரே நகரில் ஒருவர் தாக்கியதற்கும் தாக்குண்டதற்கும் சான்று உள்ளபோது, ஒரு பக்கத்தை மட்டும் காட்டும் எந்தத் திட்டமும் சான்றை மறைத்த குற்றத்துக்கு ஆளாகும்.

இது வெறும் அறிவுத்துறைக் குறை அன்று. 2004 மார்ச் 11ஆம் நாள் காலை, அத்தோச்சா நிலையம் நோக்கி வந்த தொடர்வண்டிகளில் குண்டுகள் வெடித்து 190க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேலைக்கும் கல்லூரிக்கும் சென்றுகொண்டிருந்த எளிய மக்கள் அவர்கள். அதைச் செய்தோர் இஸ்லாத்தின் பெயரால் செய்தனர். ‘இழந்த அந்தலுஸ்’ என்னும் சொல் அத்தகையோர் வாயில் பழிதீர்க்கும் பத்திரமாகவே மாறியிருந்தது. ஏறத்தாழ ஓராண்டு கழித்து, 2005 மார்ச் மாதத்தில், ஸ்பெயின் இஸ்லாமிய ஆணையம் பின்லாதினையும் அவர் இயக்கத்தையும் கண்டித்து மார்க்கத் தீர்ப்பு வெளியிட்டது. அங்கு வாழும் முஸ்லிம்கள் தம் அண்டை வீட்டாரோடு சேர்ந்து துயருற்றனர். மரபுப் பயணப் பட்டியலில் அத்தோச்சா என்பது டொலேடோவுக்கு வண்டி ஏறும் இடம் மட்டுமே. இரங்கற்பாவைச் சொத்துரிமை வழக்காக மாற்றினால் அது எங்கே போய் முடியும் என்பதை அந்நிலையம் நினைவூட்டுகின்றது. ஆகவே, அங்கே சற்று நிற்க மறுக்கும் பயணி மதிலருகே நின்று அழுவதில் பொருளில்லை.

அவ்வாறாயின், மாட்ரிட்டை நோக்கிய நல்ல பயணத்துக்கு நம் மரபில் முன்மாதிரி உண்டா? உண்டு. மொராக்கோவின் சுல்தான் மவ்லாய் இஸ்மாயீலின் தூதராக 1690–91இல் ஸ்பெயின் சென்ற முஹம்மத் இப்னு அப்தில் வஹ்ஹாப் அல்கஸ்ஸானி எழுதிய ரிஹ்லா அது. ‘கைதியை மீட்கச் சென்ற அமைச்சரின் பயணம்’ என்பது அதன் தலைப்பின் கருத்து. தலைப்பிலேயே நோக்கம் இருக்கின்றது. நூறு ஸ்பானியக் கைதிகளுக்கு ஈடாக 500 முஸ்லிம் கைதிகளையும் 5000 அரபு நூல்களையும் பெற்றுவருவது அவருக்கு இடப்பட்ட பணி. அவரை வரவேற்ற மன்னன், பிளாசா மயோர்ச் சடங்கில் முன்னிருந்த அதே இரண்டாம் கார்லோஸ்.

நூல்களைக் கேட்டதற்குக் காரணமும் உண்டு. மொராக்கோவின் சுல்தான் மவ்லாய் ஸைதானின் ஏறத்தாழ 4000 நூல்களை ஏற்றிச்சென்ற கப்பல் 1612இல் ஸ்பானியரிடம் அகப்பட்டது. அந்நூல்கள் எஸ்கொரியால் மடத்தின் நூலகத்தில் சேர்க்கப்பட்டன. அல்கஸ்ஸானி வந்தபோது, அவை எரிந்துவிட்டன என்ற மறுமொழியே கிடைத்தது. 1671இல் எஸ்கொரியாலில் பெருந்தீ மூண்டு சுவடிகள் பல அழிந்தது உண்மை. அனைத்தும் அழிந்தன என்பது உண்மையன்று. எஞ்சியவற்றை லெபனான் நாட்டு மரோனியக் கிறித்தவரான மிகயீல் காஸிரி ஆராய்ந்து, 1760இலும் 1770இலும் இரு தொகுதிகளாக அட்டவணை வெளியிட்டார். ஸைதான் நூல்களின் நகல்கள் 2013இல் மொராக்கோவிடம் ஒப்படைக்கப்பட்டன. அமைச்சர் கேட்டதன் ஒரு பகுதி, மூன்று நூற்றாண்டு கழித்து நகலாக வந்து சேர்ந்தது எனலாம்.

கைவிட்டுப்போன நூல்களுக்காகவும் சிறைப்பட்ட மனிதருக்காகவும் சென்ற ஒருவர், கசப்போடு கண்ணை மூடிக்கொண்டு திரும்பியிருக்கலாம். அல்கஸ்ஸானி அவ்வாறு செய்யவில்லை. சமயக் கருத்தில் தம் மறுப்பைக் கூர்மையாகவே எழுதுகின்றார். சில இடங்களில் அவரது சொல் இன்றைய நமக்கு மிகையாகவும் தோன்றும். ஆயினும், மருத்துவமனைகளில் நோயாளர் பேணப்படும் முறை, அஞ்சல் ஓடும் ஏற்பாடு, அச்சிட்ட செய்தித்தாள் பரவும் விதம் ஆகியவற்றை உன்னித்துப் பார்த்துப் பதிவுசெய்கின்றார். உரிமையைக் கேட்பதும் அயலாரிடம் கற்பதும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியும் என்பதற்கு அவர் நூல் சான்று. மேலே கண்ட இரு திட்டங்களிலும் இல்லாதது இதுவே. முதலாவது கற்பதற்கும் கேட்பதற்கும் எதுவுமில்லை என்று கருதுகின்றது. இரண்டாவது கேட்பதற்கு மட்டுமே வந்திருக்கின்றது.

எனவே, மூன்று நாள் மட்டுமே உடையோருக்கு நாம் பரிந்துரைப்பது இடங்களின் புதிய பட்டியலன்று, நாளுக்கொரு வினா. முதல் நாளுக்குரிய வினா: இவ்வூரை அமைத்தோர் யாவர்? மதிலில் தொடங்குக. அருகிலேயுள்ள லா மொரேரியா தெருக்களில் நடக்க. நகரம் கைமாறிய பின்னும் 1502இன் கட்டாய மதமாற்ற ஆணை வரை முஸ்லிம்கள் குடியிருந்த பகுதி அது. சான் நிக்கொலாஸ் ஆலயத்தின் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோபுரத்தைக் காண்க. கிறித்தவ ஆலயத்தின் செங்கற்கோபுரத்தில் அந்தலுஸ் பாணி வளைவுகள் உள்ளன. பிறகு பிளாசா மயோரில் காப்பியும் அருந்தலாம். சிலையின் கதை தெரிந்தவருக்கு அந்தக் காப்பி சற்றுக் கசக்கக்கூடும்.

இரண்டாம் நாளுக்குரிய வினா: துன்பத்தை இம்மக்கள் எவ்வாறு நினைவுகூர்கின்றனர்? பிராடோவில் நூறு ஓவியங்களைக் கடந்தோடாமல், கோயாவின் மே மாத ஓவியங்கள் இரண்டின் முன்னும் நிற்க. ‘கெர்னிக்கா’வுக்குச் செல்க, 1937இல் குண்டுவீச்சுக்கு இரையான பாஸ்க் ஊரின் பெயரைத் தாங்கிய அவ்வோவியம் 1981இல்தான் ஸ்பெயின் வந்து சேர்ந்தது. அங்கிருந்து அத்தோச்சா நடந்துசெல்லும் தொலைவே. மூன்றும் ஒரே வினாவின் மூன்று விடைகள்.

மூன்றாம் நாளுக்குரிய வினா: நூல்கள் எங்குச் சென்றன? டொலேடோவா எஸ்கொரியாலா என்னும் தயக்கத்துக்கு இவ்வினாவே முடிவு தரும். டொலேடோவில் ஹிஜ்ரி 390இல் (கி.பி. 999) கட்டப்பட்ட பாப் மர்தூம் பள்ளிவாசல் உண்டு, கிரிமோனா நகரத்து ஜெரார்ட் அரபு நூல்கள் எழுபதுக்கு மேற்பட்டவற்றை இலத்தீனாக்கியதும் அவ்வூரில்தான். நூல்கள் கைமாறிய ஊர் அது; சிறைப்பட்ட ஊர் எஸ்கொரியால். இரண்டில் ஒன்றைத் தேர்க. இரண்டையும் ஒரே நாளில் ஓடிப்பார்க்க வேண்டா. எஸ்கொரியாலின் பெருநூலக மண்டபத்தில் நூல்கள் முதுகைச் சுவரின் பக்கமும் பொன்முலாம் பூசிய தாள்விளிம்பை நம் பக்கமும் காட்டி அடுக்கப்பட்டுள்ளன. எது எந்நூல் என்று பார்ப்போர் படிக்க இயலாது. பொலிவு தெரியும், பெயர் தெரியாது. வினா இல்லாமல் பார்க்கும் நகரமும் அவ்வாறே தன் பொன்விளிம்பை மட்டும் காட்டும்.

பயணத்தைப் பார்வையோடும், பார்வையைப் படிப்பினையோடும் இணைத்துப் பேசுவது திருமறையின் போக்கு. அங்கு நாள்கணக்கு இல்லை. மூன்று நாள் குறைவு என்றும் முப்பது நாள் நிறைவு என்றும் எவரும் சொல்லவில்லை. புறப்படுமுன் வினாவைக் குறித்துக்கொண்டவருக்கு மூன்று நாளும் ரிஹ்லாவே. பயணத் திட்டம் எழுதுவோர் இனியேனும் ஒவ்வோர் இடத்தின் எதிரிலும் திறக்கும் நேரத்தோடு, அங்கே கேட்க வேண்டிய ஒரு வினாவையும் எழுதுவார்களாக.